உருகல் கணக்கு

ஜெலுத்தோங் ஆலையில் காலை நாலரைக்கு
மூவாயிரம் கிலோ ஐஸ் ஏறும்.
தெலுக் பஹாங் படகுத்துறையில்
அது மூவாயிரமாய் இறங்காது.
லோரிக்கார அஸ்மான் திருடவில்லை.
பத்து ஃபெரிங்கி வளைவுகளில், தார்ப்பாய்க்கு அடியில்,
சொட்டிக்கொண்டே போகிறது என் இருப்பு.

பழைய மென்பொருளுக்கு இது புரிந்ததே இல்லை.
விலை கொடுத்து வாங்கியது, பூட்டியே வந்தது.
மாதக் கடைசியில் சிவப்பாய்க் கத்தும்.
அதன் வாயை அடைக்க
'உடைந்தது' என்று ஒரு பொய் எழுதுவேன்.

பிறகு பெங் சூனுடையது வந்தது.
டயர்க் கடைக்கு மேல்மாடி, நாலு மேசை, ஏழு பேர்.
"மூலநிரல் திறந்தேதான் கிடக்குது அக்கா,
வேணுங்கிறதைச் சேர்த்துக்கோங்க" என்றாள் லோகேஸ்வரி.
எனக்கு நிரல் தெரியாது. ஐஸ் தெரியும்.
பதினோரு சனிக்கிழமை உட்கார்ந்து
இருபத்தாறு வரி எழுதினேன்:
தூரம், நேரம், வெயில், தார்ப்பாய் புதுசா பழசா.
பத்திக்கு என்ன பெயர் என்றார்கள்.
உருகல் என்றேன்.
அப்படியே இருக்கட்டும் என்றார் பெங் சூன்.
மனாடோவில் ஒரு மீன் வியாபாரி, முகம் தெரியாதவர்,
அதில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார்.
அவருக்கும் உருகுகிறது போல.

போன செவ்வாய்க்கிழமை
கம்பெனியை வாங்கிவிட்டார்கள்.
வாங்கியவரின் பெயரைச் சொன்னால்
உங்கள் கைப்பேசியே திரும்பிப் பார்க்கும்.
கடிதம் ரொம்ப மரியாதை.
'உங்களுக்கு எதுவும் மாறாது.'
மாறாத இடத்திலிருந்து
அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததே இல்லை.

பெங் சூனைக் குறை சொல்ல மாட்டேன்.
மூன்று வருடம் அவர் சம்பளம் எடுக்கவில்லை.
நாங்களும் கொடுக்கவில்லை.
'இலவசம்' என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்.
பிரிவு விருந்துக்கு நாலு மூட்டை ஐஸ் கேட்டார்,
பாதி விலை போட்டேன்.
முழுசாய்க் கொடுத்துவிட்டுப் போனார்.

தவுக்கே கேட்கிறார்: "இனிமே காசா?"
எனக்கு வேறு கேள்வி.
எட்டு வருடத்துக்கு முன் ஒரு தாளில்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பொடி எழுத்து. அதன்மேல் லோகேஸ்வரி
தேநீர்க் குவளையை வைத்திருந்தாள்;
கறை வட்டத்துக்குள் என் பெயர்.
எழுதியதன் உரிமை கம்பெனிக்கு என்றது தாள்.
கம்பெனி என்றால் பெங் சூன் என்று நினைத்திருந்தேன்.

புது ஆட்கள் திரையில் கூட்டம் போட்டார்கள்.
ஒருத்தி, முதுகுக்குப் பின்னால் ஒட்டவைத்த கடற்கரை,
எங்கள் கடலைவிட நீலம்.
உருகல் பத்தியை உலகத்திலேயே
ஒன்பது கம்பெனிதான் பயன்படுத்துகிறதாம்.
உ-ரு-கல் என்று எழுத்துக்கூட்டினாள், சிரிக்கவில்லை,
அதற்கு நன்றி.
அடுத்த பதிப்பில் இருக்குமா என்றேன்.
சமூகத்தை மதிக்கிறோம் என்றாள்.

லோகேஸ்வரி வேலையை விடவில்லை.
வீட்டுக்கடன் இன்னும் பத்தொன்பது வருடம்.
இரவு பத்தரைக்கு அழைத்தாள், பெயர் சொல்லாமல்,
குரல் எனக்குத் தெரியாத மாதிரி:
"நேத்து வரைக்கும் உள்ளது நேத்தைய உரிமத்துலதான் இருக்கு.
அதை யாரும் திரும்ப வாங்க முடியாது.
நகல் எடுத்து வைங்க."

எடுத்தேன்.
குளிர் அறைச் சாவியோடு
ஒரு பென்டிரைவ் தொங்குகிறது.
கையில் எடுத்தபோது இருந்த தைரியம்
வீட்டுக்குப் போவதற்குள் பாதியாகிவிட்டது.
ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது?
வரி இலாகா ரசீது விதியை மாற்றினால்
யார் உட்கார்ந்து எழுதுவது?
எனக்குச் சனிக்கிழமைகள் இருக்கின்றன,
முட்டிவலியும் இருக்கிறது.
மனாடோக்காரருக்கு எழுதியிருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.

இன்று விடியலில் மழை. அஸ்மான் அழைத்தான்:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு.
பத்தியைத் திறந்து
எண்பத்து நாலு என்று தட்டினேன்.
கொஞ்சம் யோசித்தது.
ஏற்றுக்கொண்டது.